புரை முத்தட்டும் என்றவர்கள்

குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் உண்டு என்று நான் சொன்னபோது என் அம்மாவே நம்பவில்லை.

ஆனால் அதுதான் என் வேலை. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு, மாரிகுப்பம் வரைக்கும் ரயில் வந்த புதிதில், சாம்பியன் ரீப்ஸ் கூலிக்காரர்களின் லைன் வீடுகளை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வெள்ளைக்கார கண் டாக்டர் ஒருவர் காலை ரயிலில் வந்து இறங்குவார், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார். நடுவில் இருக்கிற நேரத்தில், கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகளுக்கு ஊசி வைப்பார். பெரியவர்களின் புரை கெட்டியாக இறுகிப் போயிருக்கும், அதை அறுத்து எடுக்க வேண்டும். குழந்தையின் புரை தயிர் மாதிரி. மெல்லிய ஊசியைக் கருவிழி ஓரமாக உள்ளே விட்டு, புரையின் மேல்தோலைக் கிழித்துவிட்டால் போதும். கண்ணில் ஊறுகிற தண்ணீரே அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். கரையாமல் மிச்சம் நின்றால் மறுபடி ஊசி.

அந்த ஒரு நிமிஷம் தலை ஒரு நெல்மணி அளவுகூட அசையக் கூடாது. அதற்குத்தான் என் இரண்டு கையும். அப்புறம் வாரக்கணக்கில், காலையும் மாலையும் லைன் லைனாக நடந்து அந்தக் கண்களில் சொட்டு மருந்து விடவேண்டும். மாரிகுப்பத்திலிருந்து பாலகாட் சுரங்கம் வரைக்கும் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பாள் என்று எனக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு நின்றவர்கள் இதைப் படித்தால் நான் சொல்லாததையும் புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் கோபப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பங்குக்கும் சேர்த்து நான் பட்டாயிற்று.

வரச்சொன்ன நாள்

முனியம்மா தன் மகளை முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது குழந்தைக்கு ஆறு மாதம். இரண்டு கண்ணிலும் வெள்ளை. அப்போது நான் வேலையில் சேரவில்லை. ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் ஏகாம்பரம் பார்த்திருக்கிறார். டாக்டர் இல்லாத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். "புரை முத்தல. முத்தட்டும். வர்ற சித்திரைல இட்டுனு வா" என்று அனுப்பிவிட்டார். கிழவர்களுக்குச் சொல்கிற விதி அது. பச்சைக் குழந்தைக்கும் அதையே சொன்னார். அடுத்த சித்திரையில் வந்தாள். "இன்னும் முத்தணும்." அதற்கடுத்த சித்திரையிலும் வந்தாள். கண் டாக்டர் மாதாமாதம் ரயிலில் வந்துபோகத் தொடங்கின பிறகும், வாசலிலேயே ஏகாம்பரம் பார்த்து, வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நான் பார்த்தது ஏழாவது சித்திரையில். பெண் ஏழு வயசுக்கு வளர்ந்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் தரையைத் தடவித் தடவி நடந்து வந்தாள். ஏகாம்பரம் எழுந்து வருவதற்குள் நான் அவளை டாக்டர் அறைக்குள் இழுத்துப் போய்விட்டேன். டாக்டர் பார்த்தார், ஊசி வைத்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு தடவை. வெள்ளை முழுக்கக் கரைந்தது. கண்பாப்பா கறுகறுவென்று சுத்தமாக ஆனது. கட்டு அவிழ்த்த அன்று ஒரு கிச்சிலிப் பழத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண் இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தன. பழத்தின்மேல் நிற்கவில்லை. கையால் வாங்கி, மூக்கில் வைத்து முகர்ந்து, "கிச்சிலி" என்றாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. பேச்சு கற்கிற வயசில் பேச்சே காதில் விழாத குழந்தை எப்படியோ, பார்க்கக் கற்கிற வயசில் வெளிச்சமே உள்ளே போகாத கண்ணும் அப்படித்தான், இனிமேல் கற்பது ரொம்பக் கஷ்டம் என்றார் டாக்டர். ஏகாம்பரம் அந்தப் பக்கமாகப் போனவர், கறுப்பான கண்ணைப் பார்த்து "ஆபரேஷன் சுத்தமா வந்துகீது" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

முனியம்மா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். பெண்ணின் தலையைக் கோதிவிட்டபடியே என்னைக் கேட்டாள்:

"நீங்க வரச்சொன்ன நாளுக்கெல்லாம் வந்தேனேம்மா, ஒரு தபாகூட தப்பலியே?"

கட்டின நாளும் அவிழ்த்த நாளும்

பாலகாட் பக்கத்தில் ஊசி வைத்தியன் ஒருவன் கூடாரம் போட்டிருந்தான். தோல்பையில் நாலைந்து பித்தளை ஊசி. கிழவர் கிழவிகளின் கண்ணில் ஊசியைக் குத்தி, புரையை உள்ளே தள்ளிவிடுவான். தள்ளின நொடியில் கண் முன்னால் வெளிச்சம் வரும். "எத்தினி வெரலு?" என்று கேட்பான். "மூணு" என்று கிழவி சொன்னால் கூட்டம் கைதட்டும். உடனே கண்ணைக் கட்டிவிட்டு, எட்டு நாள் அவிழ்க்காதே என்பான். எட்டாம் நாள் அவன் வேறு ஊரில் இருப்பான்.

அவன் பெரியவர்களோடு நிறுத்தியிருந்தால் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். நாலு வயசுப் பிள்ளை ஒருவனையும் உட்கார்த்திவைத்துக் குத்திவிட்டான். தயிரை யாராலாவது கம்பியால் தள்ள முடியுமா? உள்ளே எல்லாம் கலங்கிப்போய்விட்டது. கட்டை அவிழ்க்காமல் வீட்டுக்காரர்கள் எண்ணி எட்டு நாள் காத்திருந்தார்கள். நாற்றம் தாங்க முடியாமல்தான் எங்களிடம் தூக்கி வந்தார்கள். அந்தக் கண்ணை டாக்டர் எடுத்துவிட வேண்டியதாயிற்று. இன்னொரு கண்ணுக்காவது ஊசி வைக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையின் அப்பா பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். அவரை நான் என்ன சொல்ல?

பத்து நாள் கழித்து, மாரிகுப்பம் ஸ்டேஷனில் அதே தோல்பையைப் பார்த்தேன். வேறு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவன், ரயிலுக்கு நின்றுகொண்டு சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவன் கொஞ்சமும் பதறாமல் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்:

"நான் கட்டு கட்டின அன்னிக்கி பார்வை இருந்திச்சா இல்லியா, ஊரே சாட்சி! அவுத்த அன்னிக்கி நான் ஊர்லயே இல்ல, அதுக்கு நானா பொறுப்பு?"

பெருவிரல்

கெங்கன் பாலகாட் ஷாப்டில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜுக்கு மணி அடிக்கிறவர். மூன்று வயசுப் பையன், பத்து மாதப் பெண், இரண்டு பேருக்கும் பிறவியிலேயே புரை. பையனைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். ஊசி வைத்த பிறகு சொட்டு மருந்துக்கு நான் போகும்போதெல்லாம் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பார். நல்ல அப்பா என்று நினைத்தேன். பெண் குழந்தையை எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டேன். "பொட்டப்புள்ள கண்ணுல ஊசி குத்தினாங்கன்னு நாளைக்குத் தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்றார். குருட்டுப் பெண்ணைக் கட்ட மாப்பிள்ளைகள் கோலாரிலிருந்து வரிசையாக வந்து நிற்கிற மாதிரி!

டாக்டர் வந்த அடுத்த சனிக்கிழமை, கெங்கன் பகல் ஷிப்ட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவர் மனைவி அஞ்சலை பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏகாம்பரம் காகிதத்தை எடுத்து வைத்தார். தகப்பன் சம்மதித்ததாகப் பெருவிரல் ரேகை வேண்டும். அஞ்சலை தன் விரலை நீட்டினாள். "அம்மா ரேகை செல்லாது" என்று சொல்லிவிட்டு, மசியையும் காகிதத்தையும் மேஜைமேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அஞ்சலை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். நானும் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். அப்புறம் என் பெருவிரலை மசியில் அழுத்தி, கெங்கன் பெயருக்குப் பக்கத்தில் நன்றாக ஒரு ரேகை வைத்தேன். குற்றம்தான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பத்து மாதத்தில் பார்த்ததால் அந்தப் பெண்ணின் கண் அண்ணன் கண்ணைவிட நன்றாக வந்தது. இரண்டாவது மாதம் முடிவதற்குள், தரையில் சிதறின அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் ஊசி வைத்த அன்று சாயங்காலமே விஷயம் கெங்கனுக்குத் தெரிந்துபோயிற்று. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து காகிதத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த ரேகையை வெகுநேரம் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். அப்புறம் மசி கழுவிப் போகாத என் விரலை—

"இன்னாம்மா, எம் பெருவிரலு உங்கிட்ட எப்போ வந்திச்சி?"

சாயங்கால ரயில்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?

ஆரோக்கியம் என்கிற கத்தோலிக்கப் பெண் தன் ஐந்து வயசு மகன் சின்னப்பனைக் கொண்டுவந்திருந்தாள். காலையிலிருந்து வரிசையில் இருந்தார்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம், அவன் கடைசி. ரயிலுக்கு அரைமணி கூட இல்லை. குழந்தைகளுக்கு முதலில் குளோரோபாரம் பிடித்து மயக்கிவிட்டு, அப்புறம்தான் ஊசி வைப்பது வழக்கம். மயக்குவதற்கு நேரம் ஆகும். தெளிந்து எழும் வரைக்கும் டாக்டர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மரத்துப்போகிற மருந்தை மட்டும் விடு. பெரிய பையன்தானே, அசையமாட்டான். நீ பிடித்துக்கொள்" என்றார். "அடுத்த மாதம் வைக்கலாம் ஐயா" என்றேன். "இவர்கள் அடுத்த மாதம் வருவார்கள் என்று என்ன நிச்சயம்?" என்றார். வராதவர்களை நானும் நிறையப் பார்த்திருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு தடவை வாயை மூடினதற்கு, பிறகு எத்தனை பேச்சுப் பேசியும் ஈடாகவில்லை.

பிள்ளை அசையத்தான் இல்லை. என் கைகளுக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு கல் மாதிரி கிடந்தான். ஊசி உள்ளே போனபோதும் கிடந்தான். வலி தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் ஊசி வருவது தெரியுமே. ஊசி உள்ளே இருக்கும்போது வெளியே ஒரு ஷாப்டில் ஷிப்ட் சங்கு ஊதியது. பிள்ளையின் உடம்பு முழுக்க ஒரு தடவை தூக்கிப் போட்டது. தலை என் கையில்தான் இருந்தது, நகரவில்லை. கண் உருண்டது. கண்ணை யார் பிடிக்க முடியும்? கருவிழிக்குள் ரத்தம் குபுகுபுவென்று நிறைந்ததை நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் ஊசியை எடுத்தார், கட்டு போடச் சொன்னார், கையைக் கழுவினார், ரயிலுக்குப் போனார்.

அந்தக் கண் தேறவில்லை. அடுத்த மாதம் ஆரோக்கியம் மறுபடி வந்தாள். வரமாட்டார்கள் என்று டாக்டர் சொன்ன அதே ஆரோக்கியம்தான். இன்னொரு கண்ணுக்கு, குளோரோபாரம் கொடுத்து, அவசரமில்லாமல் ஊசி வைத்தார். அது நல்லபடியாக வந்தது. பிள்ளை ஒற்றைக் கண்ணோடு ஓடியாடுகிறான். அன்றைக்கு மேஜைமேல் கிடந்த ரிப்போர்ட்டை ஏகாம்பரம் எனக்கு வாசித்துக் காட்டினார். போன மாதத்துக் கண் கெட்டதற்குக் காரணம், 'தலையைப் பிடித்த பணிப்பெண்ணின் கை வழுக்கியது.' டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அவர் கத்தவில்லை. நாற்காலியைக்கூடக் காட்டினார். தமிழை வாத்தியார் வைத்துப் படித்தவர், ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திச் சொன்னார்:

"உன் கையில் தவறு இல்லை, எஸ்தர். ஆனால் ரிப்போர்ட்டில் யாருடைய கையாவது இருக்க வேண்டும்."

கண்ணாடி

புரை கரைந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். புரையோடு கண்ணுக்குள் இருக்கிற இயற்கைக் கண்ணாடியும் போய்விடுகிறது. அதனால் சோடாப் புட்டியின் அடிப்பக்கம் மாதிரி கனமான கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும். எங்கள் லைனில் வேலு என்ற எட்டு வயசுப் பையனுக்கு டாக்டர் பெங்களூரிலிருந்து அப்படி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். காதில் நிற்கவில்லை. பின்னால் நாடா தைத்து, தலையைச் சுற்றிக் கட்டிவிட்டேன். கட்டின முதல் நாள், சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துவிட்டு, "எக்கா, இதுக்குக் காலு கீது!" என்று கத்தினான்.

ஒரு மாதம் கழித்து, பிள்ளை உள்ளங்கை வீங்கி வந்தான். பாடம் வாசிக்கவில்லை என்று வாத்தியார் பிரம்பால் அடித்திருக்கிறார். ஏன் வாசிக்கவில்லை? கண்ணாடி இல்லை. ஏன் இல்லை? பள்ளிக்கூடத்து வாசலில் கழற்றி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் போகும்போதுதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது வாத்தியார் உத்தரவு. கண்ணாடியைப் பிடுங்கவும் செய்து, கண் தெரியவில்லை என்று அடிக்கவும் செய்த மனுஷனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானே போனேன். வாத்தியாருக்கும் கண்ணாடி உண்டு. வெள்ளிக் கம்பி. என்னைப் படியேறவிடாமல், முற்றத்தில் நிறுத்திவைத்தே பேசினார். வேலுவும் நானும் சேரி ஜனம். நான் டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தைக் காட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் சத்தமும் போட்டேன். உள்ளே பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலுவைப் பாதிரியாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். தினமும் போகவர நாலு மைல். அது வேறு கதை. அன்றைக்கு அந்த வாத்தியார் தன் வெள்ளிக் கம்பியை மூக்கின்மேல் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்:

"அவன் அதைப் போட்டுகினு என்னை நிமிந்து பார்க்கிறான்மா, அதான் எனக்குப் புடிக்கல."

நீ பேசு

எல்லாரையும் திட்டிவிட்டு ஒருவரை விட்டுவைத்தால்தான் நியாயம். குப்புசாமி ஷாப்டில் இறங்கி வேலை செய்கிறவர். எந்த லெவல் என்று நினைவில்லை, ரொம்ப ஆழம். அவர் மகள் பச்சையம்மாளுக்குப் பிறக்கும்போது கண் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வயசுக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை படர்ந்து, மூன்றரை வயசில் முழுக்க மூடிவிட்டது. முத்தட்டும் என்று யாராவது சொல்வதற்குள் அவர் கொண்டுவந்துவிட்டார். முதலில் கொஞ்ச நாள் பார்த்துப் பழகின கண், அதனால் நம்பிக்கை உண்டு என்றார் டாக்டர்.

கட்டை அவிழ்க்கிற அன்று நான் போனபோது, வீட்டு வாசலில் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கும்மிருட்டு. "இன்னாய்யா இது?" என்றேன். "ஷிப்ட் முடிஞ்சி கேஜ் மேல வர்றப்போ வெயிலு கண்ணுல ஊசி மாதிரி குத்தும்மா. எங்களுக்கே அப்படின்னா கொழந்தைக்கு எப்படி இருக்கும்? மொள்ள மொள்ள காட்டலாம்" என்றார். டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அந்த மனுஷனுக்கு அது தானாகத் தோன்றியிருக்கிறது. மூன்று நாள் ஷிப்ட்டுக்குப் போகாமல், சாக்கைத் தினம் ஒரு சாண் தூக்கிக் கட்டினார். சொட்டு மருந்து விட என் கை வேண்டியிருக்கவில்லை. என்னைவிட அவர் கை மெதுவாக இருந்தது.

மூன்றாம் நாள் குழந்தை எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தது. பானையைப் பார்த்தது, சேவலைப் பார்த்தது, என் வெள்ளைப் புடவையைப் பிடித்து இழுத்தது. அப்பாவைப் பார்த்ததும் பின்வாங்கி என் காலைக் கட்டிக்கொண்டது. ஒன்றரை வருஷமாக மங்கி மங்கி, கடைசியில் காதாலும் கையாலும் மட்டுமே தெரிந்த மனுஷன். முகம் மறந்துபோயிருக்கிறது. குப்புசாமியின் கண் கலங்கிவிட்டது, ஒரு வார்த்தை வரவில்லை. குழந்தை அவர் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்டிப்பான குரலில் சொன்னது:

"நீ பேசு, அப்பால நீ எங்க நைனாவான்னு சொல்றேன்."

மூக்குத்தி

செல்லம்மா குழந்தை பெற்றுப் பன்னிரண்டாம் நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பச்சை உடம்புக்காரி, நடக்கவே முடியவில்லை. "எக்கா, இவ கண்ண பாரு" என்று துணியை விலக்கிக் காட்டினாள். இரண்டு கண்ணிலும் பால் துளி மாதிரி வெள்ளை. டாக்டர் வருகிற சனிக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னேன். வந்தாள். ஏகாம்பரம் வாசலில் நின்றார். "இன்னும் முத்தல" என்று ஆரம்பித்தார். நான் கத்தின கத்தலில் உள்ளே கட்டு போட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முனியம்மாவின் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். டாக்டர் வந்து இறங்குவதற்குள் செல்லம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பலன், என்னை ஒரு மாதம் துணி துவைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். தாய்மார்களிடம் வைத்தியம் பற்றி நான் பேசக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள்.

பேசக் கூடாது என்றுதானே எழுதியிருந்தது? அடுத்த முறை டாக்டர் வருகிற அன்று, செல்லம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். டாக்டர் வண்டியிலிருந்து இறங்கினதும், வாயைத் திறக்காமல் குழந்தையை அவர் கையில் வைத்தேன். பிளாட்பாரத்திலேயே வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னதற்கு அவர் ஊசி வைத்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. பெங்களூருக்குத் திரும்பிப் போய் யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கடைசியில், "நீதான் பிடிக்க வேண்டும்" என்றார். துவைக்கிற தொட்டியை விட்டு என்னை மறுபடி ஊசி அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி, வாயில் சர்க்கரைத் தண்ணீர் தோய்த்த துணியை வைத்தோம். தலை என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. அப்போது அதற்கு நாற்பத்து மூன்று நாள். ஒரு கண் அன்றைக்கு, இன்னொரு கண் அடுத்த மாதம்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். செல்லம்மா மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு, என்னைத் தேடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். துணியெல்லாம் ரத்தம். யார் அடித்தது என்று நான் பதறிப்போய்க் கேட்பதற்குள், குழந்தை கொக்கி மாதிரி கையை நீட்டி என் காதுக் கம்மலைப் பிடிக்கத் தாவியது. செல்லம்மா அதன் கையைத் தட்டிவிட்டு, அத்தனை பெண்கள் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"நல்லா கண்ண தொறந்து உட்ட போ எக்கா, பளபளன்னு எது தெரிஞ்சாலும் இஸ்துட்றா, எம் மூக்கையே கிழிச்சிட்டா பாரு இந்த முண்டம்!"

பல வருஷம் கழித்து நான் வேலையை விட்டு நின்றபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்டிபிகேட்டில் 'சாந்த குணமுள்ளவள், சொன்ன சொல் தட்டாதவள்' என்று எழுதியிருந்தார்கள்; எழுதினவரின் கண்ணில் புரை நன்றாக முத்தியிருந்திருக்க வேண்டும்.